முதல் காகிதத்தை எழுதுவது யார்?

2020 ஜூன் மாதக் கடைசியில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு, காவலில் வைக்கப்பட்ட இருவரின் மரணம் குறித்த விசாரணைக்காகச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் கேட்டவற்றில் ஒன்று, சிசிடிவி பதிவு. நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. பதிவைச் சேமிக்க ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அதை அமைத்து வைத்திருந்தார்கள். தந்தையும் மகனுமான இரண்டு வணிகர்கள் ஜூன் 19 இரவு அங்கே என்ன பட்டார்கள் என்பதற்கான காட்சி எதுவும் அதில் மிஞ்சவில்லை. பல நாள் பதிவைத் தாங்கக்கூடிய டிஸ்க் அது. இடம் போதாமல் அழிந்ததாகச் சொல்லவே வழியில்லை.

விசாரணைக்குப் போன நடுவருக்கு நிலையத்துக் காவலர்கள் ஒத்துழைக்கவில்லை, அவமதிப்பாகவும் நடந்துகொண்டார்கள். அவர் அதை அப்படியே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். மறுநாளே மதுரைக் கிளை, தடயங்களைக் காப்பதற்காகச் சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி உத்தரவிட்டது. ஒரு காவல் நிலையத்தைக் காவல்துறையிடமிருந்தே காக்க வேண்டிய நிலை வந்தது.

மனித உரிமை என்றதும் உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21ஆவது கூறையும் ஐ.நா. பிரகடனத்தையும் எடுத்து வைப்பது வழக்கம். அவை வேண்டியவைதாம். ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு வழக்கும் இவற்றைவிட மிகச் சிறிய கேள்வி ஒன்றில் வந்து நிற்கிறது: நடந்ததை முதலில் எழுதியவர் யார்? சாத்தான்குளத்தில் முதல் தகவல் அறிக்கையை எழுதியது அடித்தவர்களின் நிலையம். இருவரும் தரையில் உருண்டு புரண்டதில் உள்காயம் பட்டது என்று அதில் இருந்தது. சிறைக்கு அனுப்பத் தகுந்த உடல்நிலை என்ற மருத்துவச் சான்று இருந்தது. காவலில் வைக்கும் உத்தரவும் இருந்தது. சட்டம் கேட்ட காகிதங்கள் வரிசையாக இருந்தன. ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 அதிகாலை தந்தை இறந்தார்.

ஆகவே பதிவு இருந்தால் போதாது; அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் உரிமை ஆணையங்களும் உரிமை அமைப்புகளும் கடந்த 35 ஆண்டுகளில் செய்த வேலையைத் திரும்பிப் பார்த்தால், அதில் பெரும்பகுதி அந்த முதல் காகிதத்துக்கு எதிராக இரண்டாவது காகிதம் ஒன்றை எழுத வைத்த வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாச்சாத்தி

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று, பதுக்கி வைத்த சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் ஊரைச் சூழ்ந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊர்க்காரர்களை அரூர் வனத்துறை அலுவலகத்துக்கு இழுத்துப் போனார்கள். அங்கிருந்து பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். வீடுகள் இடிந்து கிடந்தன. ஆடு மாடுகள் கொல்லப்பட்டிருந்தன. தானியத்தில் கண்ணாடிச் சில்லுகள் கலந்திருந்தன. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதபடி கெடுக்கப்பட்டிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு அரசிடம் இருந்த காகிதம் என்ன? அந்தப் பெண்கள்மேல் போட்ட சந்தனக் கட்டை வழக்கு. அரசின் கோப்பில் அவர்கள் குற்றவாளிகள். சோதனைக்குப் போனவர்கள் கடமையைச் செய்தவர்கள். அடுத்த சில வாரங்களில் வேறு யாரும் அந்த ஊருக்குள் போகாமல் இருந்திருந்தால், இன்று வரைக்கும் அந்தக் கோப்பு ஒன்றுதான் இருந்திருக்கும்.

போனார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் ஆளற்றுக் கிடந்த ஊரைப் பார்த்தார்கள், சிதறிப் போனவர்களைத் தேடிப் பேசினார்கள், வெளியே கொண்டுவந்தார்கள். கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்துக்குப் போனார். அரசு முழுவதையும் மறுத்தது. எதிர்க்கட்சி ஒன்றின் குற்றச்சாட்டு என்று தள்ளிவிடுவது ஆட்சியில் இருப்பவர்களுக்கு எளிது, அப்படித்தான் நடந்தது.

இங்கேதான் இன்னொரு கதவு திறந்தது. அப்போது தேசிய மனித உரிமை ஆணையம் பிறக்கவே இல்லை. இருந்தது, பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகளுக்கான ஆணையம். தென் மாநிலங்களுக்கான அதன் இயக்குநராக இருந்த பாமதி நேரில் வந்தார், பார்த்தார், பெண்களிடம் கேட்டார், அழிவையும் வன்கொடுமையையும் அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் இருந்த செய்திகளில் பெரும்பாலானவற்றைச் சங்கத்துக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் எழுதியது அரசுக் கடிதத்தாளில், அரசு அதிகாரி ஒருவரின் கையெழுத்தோடு. அதைக் கட்சி அரசியல் என்று யாராலும் ஒதுக்க முடியவில்லை. 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது.

சங்கம் இல்லாவிட்டால் அந்த அதிகாரிக்குச் செய்தி போயிருக்காது. அந்த அதிகாரி இல்லாவிட்டால் சங்கத்தின் குரலுக்கு நீதிமன்றத்தில் அந்த எடை கிடைத்திருக்காது. நீதிமன்றமும் சிபிஐயும் இல்லாவிட்டால் அறிக்கை அலமாரியில் இருந்திருக்கும். பிறகும் வழக்கு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்சிகள் மாறின. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர்மேல் பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னார்.

1992 முதல் 2011 தீர்ப்பு வரையான 19 ஆண்டுகளை நினைக்கும்போது என் மனத்தில் நிற்பது தீர்ப்பைவிட வேறொன்று. விசாரணைத் தேதி என்று வரும்போதெல்லாம் கூலி வேலையை விட்டுவிட்டு நீதிமன்றம் போக வேண்டும். குறுக்கு விசாரணையில் அந்த நாளைத் திரும்பச் சொல்ல வேண்டும். சாட்சிகளை அவ்வளவு காலம் சிதறாமல் காத்துக் கூட நின்றது எந்த ஆணையத்தின் பணிப் பட்டியலிலும் இல்லாத வேலை. அதைச் சங்கத்து ஆட்கள் செய்தார்கள்.

பரிந்துரை என்ற சொல்

மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1993ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதலில் அவசரச் சட்டமாக செப்டம்பர் 28 அன்று வந்தது. அக்டோபர் 12 அன்று தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, தேசிய ஆணையங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான பாரிஸ் கோட்பாடுகளை ஏற்றது. தமிழ்நாட்டுக்கான மாநில மனித உரிமை ஆணையம் 1997இல் வந்தது.

சட்டத்தைப் படித்தால் அதிகாரம் ஏராளமாக இருப்பதுபோல் தெரியும். மனு வந்தாலும் வராவிட்டாலும் தாமாக முன்வந்து விசாரிக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. சிறைகளுக்குள் போய்ப் பார்க்கலாம். நடந்துகொண்டிருக்கும் வழக்கில் நீதிமன்ற அனுமதியோடு தலையிடலாம். எல்லாம் முடிந்து தவறு நடந்திருக்கிறது என்று கண்டால் என்ன செய்யலாம்? 18ஆவது பிரிவு சொல்கிறது: இழப்பீடு கொடுங்கள், வழக்குத் தொடருங்கள் என்று அரசுக்குப் பரிந்துரைக்கலாம். அரசு கேட்கவில்லை என்றால் ஆணையமே உச்ச நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகலாம்.

பரிந்துரை என்ற அந்த ஒரு சொல்லின்மேல் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. மாநில ஆணையம் இழப்பீடு கொடுக்கச் சொல்லும். அதைச் சம்பந்தப்பட்ட அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும். அதிகாரி உயர் நீதிமன்றத்துக்குப் போய், இது பரிந்துரைதானே என்பார். வெவ்வேறு அமர்வுகள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னதால் விஷயம் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வுக்குப் போனது. 2021 பிப்ரவரியில் அந்த அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் மனு கொடுப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது. உங்கள் கையிலுள்ள ஆணைய உத்தரவு வெறும் அறிவுரை என்று எந்த அலுவலகமாவது சொன்னால், அந்த வாதத்தை முழு அமர்வு ஏற்கவில்லை.

ஆனால் ஆணையம் செய்தவற்றில் மிகப் பயனுள்ளதாக நான் கருதுவது வேறு. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. தொடங்கி இரண்டு மாதம் முடிந்த கையோடு, 1993 டிசம்பர் 14 அன்று, எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் போனது. காவலில் மரணமோ பாலியல் வன்கொடுமையோ நடந்தால் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் மறைக்க முயன்றதாகவே கொள்ளப்படும் என்றது அந்தக் கடிதம். அதுவரை ஒரு மாவட்டத்தின் மரணம் அந்த மாவட்டத்துக்குள் புதைந்துவிடலாம். அன்றிலிருந்து டெல்லியில் அதற்கு ஓர் எண் விழுந்தாக வேண்டும். 1995இல் இன்னொன்று வந்தது: காவல் மரணங்களில் உடற்கூறாய்வை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும். உடலைப் புதைத்த பிறகும், எரித்த பிறகும், காயங்களை வேறொரு மருத்துவர் பார்க்கக்கூடிய வழி அது.

ஒரு கடிதம், ஒரு படிவம்

ஆணையம் பிறப்பதற்கு முன்பே, 1986இல், மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவரான டி.கே. பாசு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். காவல் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை அதில் சுட்டிக்காட்டியிருந்தார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. பத்தாண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று, கைதுசெய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகள் தீர்ப்பாக வந்தன. அதை எழுதிய நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் பின்னாளில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவரானார்.

அந்தத் தீர்ப்பின் வழி வந்த கைதுக் குறிப்பாணையை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். ஒற்றைத் தாள். கைதான நேரம், தேதி. கீழே கைதானவரின் கையெழுத்து. இன்னொரு கையெழுத்து சாட்சிக்கு; அவர் குடும்பத்தில் ஒருவராகவோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவராகவோ இருக்க வேண்டும். அந்தச் சாட்சிக் கையெழுத்துக்கான கோட்டில்தான் இந்தத் தீர்ப்பின் உயிர் இருக்கிறது. காவல்துறையைச் சேராத ஒரு மனிதர் ஒரு நேரத்தைப் பார்த்து, ஆம், இந்த நேரத்தில் இவரை அழைத்துப் போனார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பிறகு, மாலை ஏழு மணிக்குப் பிடித்தவரை மறுநாள் காலை பிடித்ததாகக் காட்ட முடியாது. 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியலமைப்பின் கெடு எப்போது தொடங்கியது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடுகிறது. காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, உறவினருக்குத் தகவல், வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை என்று மற்றக் கட்டளைகள் தொடர்கின்றன. இவற்றில் பல இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டன.

இந்தக் கட்டளைகள் காவல் நிலையச் சுவரில் தமிழில் எழுதித் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சாத்தான்குளத்தில் நடந்தது, அந்தப் பலகையில் உள்ள படிகளை ஒவ்வொன்றாகப் பெயருக்கு நிறைவேற்றிவிட்டே இரண்டு உயிர்களைப் பறிக்க முடியும் என்பதைக் காட்டியது. சான்று கொடுக்கும் மருத்துவர் உடம்பைப் பார்க்க வேண்டும், காவலில் வைக்கும் நடுவர் ஆளைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பார்வை இல்லாதபோது படிவம் குற்றத்துக்குத் துணைபோய்விடுகிறது.

விறகுக் கணக்கு

பஞ்சாபில் நடந்ததை இங்கே சொல்லாமல் போக முடியாது. தீவிரவாதமும் அதை ஒடுக்கும் நடவடிக்கைகளும் கொதித்த ஆண்டுகளில், அமிர்தசரஸ் பகுதியில் இளைஞர்கள் காணாமல் போனார்கள். காவல்துறையிடம் கேட்டால் தெரியாது என்ற பதில். ஜஸ்வந்த் சிங் கால்ரா என்ற வங்கி ஊழியர், உரிமைச் செயல்பாட்டாளர், சுடுகாட்டுப் பக்கம் போனார். அங்கே நகராட்சிப் பதிவேடுகள் இருந்தன. உரிமை கோரப்படாத உடல் என்று காவல்துறை கொண்டுவந்து எரித்தவை எத்தனை, அவற்றுக்கு எவ்வளவு விறகு வாங்கினார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. கொலையை மறைத்தவர்கள் விறகுக் கணக்கை மறைக்க மறந்திருந்தார்கள்.

1995இன் தொடக்கத்தில் கால்ரா அந்தக் கணக்கை வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று வீட்டு வாசலிலிருந்து அவரைக் கடத்தினார்கள். அவர் திரும்பவில்லை. அவருடைய மனைவி உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த ஆட்கொணர்வு மனு, கணவரைத் தேடியதோடு அவர் கண்டுபிடித்ததையும் விசாரணைக்கு இழுத்துவந்தது. சிபிஐ விசாரித்து 2,097 உடல்கள் அவ்வாறு எரிக்கப்பட்டதை உறுதிசெய்தது. அவற்றில் 585 முழுமையாக அடையாளம் தெரிந்தவை, 274 ஓரளவு தெரிந்தவை, 1,238 தெரியாதவை. கால்ராவைக் கொன்ற வழக்கில் 2005இல் காவல்துறையினர் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

2,097 உடல்களின் விவகாரத்தை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் மனித உரிமை ஆணையத்திடம் கொடுத்தது. ஆணையம் என்ன செய்தது? அடையாளங்களைத் தேடியது, குடும்பங்களுக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்தது. ஆனால் தன் விசாரணையை அமிர்தசரஸ் பகுதியின் மூன்று காவல் மாவட்டங்களுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டது. பஞ்சாபின் மற்ற மாவட்டங்களில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. யார் கொன்றார், யார் உத்தரவிட்டார் என்ற கேள்விக்குள் ஆணையம் போகவில்லை. தனி மனிதர் ஒருவர் உயிரைக் கொடுத்துத் திறந்த கதவை, அவ்வளவு அதிகாரமுள்ள நிறுவனம் அகலத் திறக்காமல் விட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது

மணிப்பூரில் பாதுகாப்புப் படையினராலும் காவல்துறையாலும் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள், அவர்களில் பெரும்பாலும் கணவரை இழந்த பெண்கள், ஒரு சங்கமாகக் கூடினார்கள். சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் என்று 1,528 நிகழ்வுகளைத் தொகுத்து 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கில் தேசிய மனித உரிமை ஆணையம் தன்னைப் பற்றித் தானே நீதிமன்றத்தில் சொன்னது: பல்லில்லாப் புலி. ஆயுதப் படைகள்மேல் புகார் வந்தால் 19ஆவது பிரிவின்படி ஆணையம் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், அதன்மேல் பரிந்துரைக்கலாம், நேரடியாக விசாரிக்க முடியாது. அதாவது இங்கே முதல் காகிதம் மீண்டும் குற்றம் சாட்டப்பட்ட தரப்பிடமே போய்விடுகிறது. உச்ச நீதிமன்றம் 2016இல் அந்தக் குடும்பங்களின் பக்கம் நின்று, ஒவ்வொரு மரணமும் விசாரிக்கப்பட வேண்டியதே என்றது. அடுத்த ஆண்டு சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

இன்னொரு பலவீனம் காலக்கெடு. நிகழ்ந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது என்கிறது 36ஆவது பிரிவு. வாச்சாத்திப் பெண்களைப் போலச் சிறையில் கிடந்து, ஊர் அழிந்து, அஞ்சி ஒளிந்து வாழ்பவர்களுக்கு ஓராண்டு எவ்வளவு குறைவு என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

விசாரிக்கிறவர்கள் யார் என்பதும் பெரிய கேள்வி. ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவில் இருப்பவர்கள் காவல்துறையிலிருந்து வரும் அதிகாரிகள். காவல்துறைமேல் வந்த புகாரைக் காவல்துறை அதிகாரி விசாரிக்கிறார். தேசிய ஆணையங்களுக்குத் தரச்சான்று வழங்கும் உலகக் கூட்டமைப்பு இதையும், உறுப்பினர்களிடையே பன்முகத்தன்மை குறைவாக இருப்பதையும் காரணங்களாகச் சொல்லி, இந்திய ஆணையத்தின் சான்றுப் புதுப்பித்தலை 2023இலும் 2024இலும் ஒத்திவைத்தது. அந்த 2024இல், ஜூன் தொடங்கி டிசம்பர் வரை, ஆணையத்துக்கு முழுநேரத் தலைவரே இல்லை. டிசம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் பொறுப்பேற்றார், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 2019இல் வந்த திருத்தம் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைத்திருக்கிறது. ஒருவர் வேலையைப் புரிந்துகொண்டு ஓர் ஆழமான விசாரணையை முடிப்பதற்குள் விடைபெறும் நாள் வந்துவிடும்.

சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறிப் பிறகு காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் மறுபடி பரிந்துரைத்தது. பரிந்துரையாகவே இருக்கிறது.

அமைப்புகளின் பக்கம் திரும்பினால், அங்கேயும் நெருக்கடிதான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிவைத்த மக்கள் சிவில் உரிமைக் கழகம், பி.யு.சி.எல்., நீதிமன்றத்தில் சாதித்தவை பல: தொலைபேசி ஒட்டுக்கேட்புக்குக் கட்டுப்பாடு, பள்ளிகளில் சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய 2001 உத்தரவு, போலி மோதல் கொலைகளை விசாரிக்க 2014இல் வந்த நெறிமுறைகள். அது வெளிநாட்டுப் பணத்தைத் தொடுவதில்லை. உறுப்பினர் சந்தாவில் ஓடுகிறது. முழுநேரப் பணியாளர்களை வைத்து, மாவட்டந்தோறும் வழக்குகளைத் தொடர்ந்து கவனிக்கும் அமைப்புகளுக்குப் பணம் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இறுக இறுக, அந்த வேலை குறுகிக்கொண்டே வருகிறது. ஆம்னெஸ்டி என்ற உலக மனித உரிமை அமைப்பின் இந்தியப் பிரிவு, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் 2020 செப்டம்பரில் பணியை நிறுத்தியது. நன்கொடைக் கணக்கை அரசு கேட்பது தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அரசின்மேல் புகார் எழுதும் ஒருவரின் உரிமத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் அந்த அரசிடமே இருக்கும்போது, புகாரின் சூடு எத்தனை நாள் அப்படியே இருக்கும்?

உண்மை அறியும் குழுக்களின் வேலையிலும் குறை உண்டு. இரண்டு நாள் போய்விட்டு, பத்திரிகையாளர் சந்திப்புக்கு விரைந்து, அறிக்கையில் அடைமொழிகளை நிரப்பி, தேதியையும் நேரத்தையும் விட்டுவிடும் குழுக்களை நாம் பார்த்திருக்கிறோம். கண்டனம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் யார், அப்போது வாசலில் நின்றவர் யார் என்று எழுதிய அறிக்கை ஆகும். கால்ராவின் விறகுக் கணக்கில் அடைமொழி ஒன்றுகூட இல்லை.

மனு கொடுக்க நினைப்பவருக்கு நடைமுறையாகச் சில சொல்லலாம். ஆணையத்துக்கு மனு கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் நாடு முழுவதற்கும் உண்டு. ஒரே விஷயத்தை மாநில ஆணையத்திலும் தேசிய ஆணையத்திலும் சேர்த்துப் போட வேண்டாம். மாநில ஆணையம் எடுத்துக்கொண்டதைத் தேசிய ஆணையம் தொடாது. எதைவிடவும் முக்கியம், வீட்டு ஆளை அழைத்துப்போன நேரத்தை உடனே எழுதி வைப்பது. கையோடு ஒரு தந்தியோ மின்னஞ்சலோ போல, தேதியும் நேரமும் தானாகப் பதியும் வழியில் யாருக்காவது அனுப்புவது. தந்தி இப்போது இல்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தி அந்த வேலையைச் செய்யும்.

சாத்தான்குளத்துக்குத் திரும்புகிறேன். டிஸ்க் காலியாக இருந்தது. அப்படியானால் வழக்கு எப்படி நின்றது? அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் நடுவரிடம் பேசினார். இரவு முழுவதும் அடித்ததையும், லத்திகளிலும் மேசையிலும் இருந்த இரத்தக் கறையையும் சொன்னார். சொன்னதில் கையெழுத்திட அஞ்சினார். வெளியே சக காவலர்கள் நின்றிருந்தார்கள். நடுவர் அவருக்குத் தைரியம் சொன்ன பிறகே கையெழுத்துக் கிடைத்தது. வெளியே வணிகர் சங்கங்கள் கடைகளை அடைத்திருந்தன. உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்திருந்தது. உரிமை அமைப்புகள் ஒவ்வொரு நாளும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தன. இத்தனை பேர் சூழ நின்றதால் அந்த ஒரு கையெழுத்து விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கவும், பதிவை 18 மாதம், இயலாவிட்டால் ஓராண்டாவது சேமிக்கவும் வேறொரு வழக்கில் உத்தரவிட்டது.

2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த ஓர் இளைஞரை, நகைத் திருட்டுப் புகார் ஒன்றுக்காகத் தனிப்படைக் காவலர்கள் விசாரித்தார்கள். காவல் நிலையத்தில் கேமரா இருக்கும். அவரை அடித்தது கோயிலை ஒட்டிய ஒரு கொட்டகையில். அவர் இறந்தார். உடற்கூறாய்வில் 44 காயங்கள் இருந்ததை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அவரை அடிப்பதைக் கழிப்பறை ஜன்னல் வழியாகத் தன் செல்பேசியில் ஒருவர் எடுத்திருந்தார். சில நொடிகள் ஓடும் காட்சி, நடுங்கும் கை. நீதிமன்றத்துக்குப் போன சாட்சியங்களில் அதுவும் ஒன்று. எடுத்தவர் பிறகு தன் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று விண்ணப்பித்தார்.